நியூட்ரலில் ஒரு வழக்கு

போடி நீதிமன்றத்தில் புவியீர்ப்பு விசையைக் குற்றவாளியாக்கப் பார்த்தவன் நான். வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. படித்தவனுக்கு எதற்கு வக்கீல் என்று நினைத்துவிட்டேன்.

போடிமெட்டுக்கு மேலே எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. வாரம் ஒருமுறை பழைய காரில் போய்வருவேன். இறங்கும்போது எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, வண்டியை அப்படியே உருட்டிக்கொண்டு வருவது எங்கள் பக்கத்துப் பழக்கம். பெட்ரோல் மிச்சம். அப்படி ஒருநாள் கடைசி வளைவைத் தாண்டி அடிவாரத்து நேர்ச்சாலைக்கு வந்தபோது, போலீஸ்காரர் கையிலிருந்த கருவி நான் அதிவேகமாக வந்ததாகச் சொன்னது.

ஏற்கெனவே இதே குற்றத்துக்கு ஒருமுறை மாட்டியவன். மறுபடியும் ஒப்புக்கொண்டால் லைசென்ஸைச் சில மாதம் முடக்கிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். முடக்கினால் மனைவியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துதான் தோட்டத்துக்குப் போகவேண்டும். அவள் ஓட்டுவதில் குறை கிடையாது. ஓட்டிக்கொண்டே என் குறைகளைச் சொல்லுவாள், வளைவுக்கு ஒன்றாக.

"பேசாம அபராதத்தக் கட்டிட்டு வந்து சோலியப் பாருங்க" என்றாள்.

கேட்கவில்லை. பொட்டிபுரம் மலைக்குள் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் வரப்போகிறது என்ற பேச்சு அடிபட்ட நாளிலிருந்து எங்கள் பக்கம் எல்லோரும் கொஞ்சம் இயற்பியல் பேசுவோம். நான் கொஞ்சம் கூடுதலாக.

நீதிமன்றத்தில் எனக்குப் பக்கத்தில் ஒரு ஜீப் டிரைவர் உட்கார்ந்திருந்தார். தோட்டத்து ஆட்களை அளவுக்கு மேல் ஏற்றிய வழக்கு. என்னைப் பார்த்துச் சிரித்தார். அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"வேகமா வந்தீங்களா?" என்று கேட்டார் நீதிபதி அம்மா.

"நான் வரலைம்மா. காரு தானா வந்துச்சு."

பேனாவைக் கீழே வைத்தார். "எப்படி?"

"எஞ்சினை அணைச்சிருந்தேன்மா. ஓடாத எஞ்சின் எப்படி வேகமாப் போகும்? அது புவியீர்ப்பு."

"மேல இருந்தே அணைச்சிட்டா வந்தீங்க?"

"ஆமாம்மா. அடிவாரம் வரைக்கும்." என் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கும்.

"அப்போ பிரேக் பிடிக்குமா?"

"கொஞ்சம் அழுத்தி மிதிக்கணும்மா."

பின்னால் யாரோ இருமினார்கள். நீதிபதி கோபப்படவில்லை.

"அபராதத்தோட விட்டுடலாம்னு இருந்தேன். நீங்க இப்போ சொன்னதைப் பதிவு பண்ணினா லைசென்ஸுக்கே சிக்கல். பதிவு பண்ணவா?"

"வேணாம்மா. வேகமாத்தான் வந்தேன்."

பூமி சுற்றவில்லை என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தவர்கூட இதைவிடக் கொஞ்சம் யோசித்திருப்பார்.

அபராதத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தேன். லைசென்ஸ் சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது. வேகமாக வந்தவன் என்று நீதிமன்றமே ஏற்றுக்கொண்டதில், இந்த வயதில், உள்ளூர ஒரு மிதப்பும் இருந்தது. டீக்கடையில் அந்த ஜீப் டிரைவர் எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

"அண்ணே, அன்னைக்கி மெட்டுல இருந்தே ஒங்க பின்னாடிதான் வந்தேன். ஹாரன் அடிச்சு அடிச்சு வெரலே வலிச்சுப்போச்சு. மலை பூரா வழி விடாம ஊர்ந்துட்டு, போலீசு நிக்கிற எடத்துல மட்டும் வெரசாப் போனீகளே."