கெட்டிமேளம் கேட்காத கல்யாணம்

மழை மூட்டத்தில் காலை பத்து மணிக்கே மாதா கோயிலுக்குள் இருட்டு. சாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பூசையில யாரும் போன்ல படம் எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். நீ ஒருத்தன்தான் எடுக்கணும். பிளாஷ் மட்டும் அடிச்ச, வெளிய அனுப்பிடுவேன்."

தலையை ஆட்டினேன். ரெட்டியார்பாளையத்து மண்டபங்களில் பட்டப்பகல் மாதிரி விளக்கைப் போட்டுக்கொண்டு படமெடுத்தே பழகியவன் நான். கோயில் கல்யாணம் அதுதான் முதல் தடவை. ஒப்புக்கொண்டதே தப்பு. ஆனால் மணப்பெண் என் தங்கையோடு படித்தவள், மறுக்க வாய் வரவில்லை. அவளுடைய அம்மா மூன்று நாளாக ஐசியூவில் இருந்தார். டாக்டர்கள் பிடிகொடுத்துப் பேசவில்லை. கல்யாணத்தைத் தள்ளிவைக்கவே கூடாது என்று அந்த அம்மாதான் பிடிவாதமாகச் சொல்லியிருந்தார்.

"தாலி கட்டறத மட்டும் நல்லா எடுத்துக் குடுங்கண்ணா. இங்க முடிஞ்சதும் நேரா எடுத்துக்கினு போயி அம்மாகிட்ட காட்டணும். வேற எது வரலன்னாலும் பரவால்ல" என்று பெண் சொல்லியிருந்தாள்.

வெளிச்சம் பத்தாததற்குக் கேமராவில் ஐஎஸ்ஓவை ஏற்றினால் படம் முழுக்கப் புள்ளி. ஷட்டரை மெதுவாக்கினால் கை லேசாக அசைந்தாலும் படம் கலங்கிவிடும். எதை வைத்தாலும் திருப்தியில்லை. சாமியார் தாலியை மந்திரித்தார். பாட்டு நின்றது. நான் குனிந்து மறுபடி கேமராவைத் திருகிக்கொண்டிருந்தேன். இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைப்பு. மண்டபத்தில் ஐயர் கையைத் தூக்குவார், கெட்டிமேளம் அதிரும், என் விரல் தானாக அழுத்தும். பத்து வருடப் பழக்கம். அந்த மடத்தனத்தை என்னவென்று சொல்ல! மேளமே இல்லாத இடத்தில் மேளத்துக்குக் காத்திருந்தேன்.

நிமிர்ந்தபோது மாப்பிள்ளையின் கைகள் பெண்ணின் பின்கழுத்தில் இருந்தன. பதறி அழுத்தினேன். அடுத்ததை அழுத்துவதற்குள் கைகளை எடுத்துவிட்டார்.

இருந்தது ஒரே படம். என் கேமரா ஆடியதில் முகம், தாலி, கை எல்லாமே இரண்டிரண்டாகத் தெரிந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னொரு தடவை கட்டச் சொன்னால் என்ன என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். கட்டின தாலியைப் படத்துக்காக யார் அவிழ்ப்பார்கள்? பூசை முடிந்ததும் வாசலில் வைத்து இருவரிடமும் உண்மையைச் சொன்னேன். பெண் படத்தையே பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. கேமராவை வாங்கிக்கொண்டு மாப்பிள்ளையோடு காரில் ஏறினாள். நானும் பின்னாலேயே பைக்கில் போனேன்.

ஐசியூவுக்குள் ஒருவரைத்தான் விட்டார்கள். பட்டுப்புடவையோடு அவள் உள்ளே போனாள். நானும் மாப்பிள்ளையும் வெளியே நின்றோம். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

கால் மணி நேரத்தில் வந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"அம்மா பார்த்துக்கினே இருந்தாங்க. 'மாப்ளைக்குக் கை எப்டி நடுங்கியிருக்கு பாரு. இவ்ளோ பயந்து கட்டறவரு உன்ன நல்லா வச்சிக்குவாரு'ன்னு சொன்னாங்க."

"எனக்கு நடுங்கவே..." என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார். அவள் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"ஆமா, நடுங்கிச்சு" என்றார் அவர், என்னைப் பார்த்துக்கொண்டே.