கிணறு யாருக்கு என்ற வரி

திருத்தணியில் வழக்கறிஞராக உள்ள நான், கட்சிக்காரர் இருவரின் சம்மதத்துடன் இதைப் பதிவிடுகிறேன்.

தங்களுக்குள் பேச்சே இல்லாத அண்ணனும் தங்கையும் அவரவர் வீட்டிலிருந்தே திருத்துவதற்காக, பாகப்பிரிவினைப் பத்திரத்தின் வரைவை இணையச் செயலி ஒன்றில் அவர்களுடன் பகிர்ந்திருந்தேன். கிணறு யாருக்கு என்பதே தகராறு. தீராவிட்டால் நீதிமன்றம்தான்.

இன்று என் கண்ணெதிரே, திரையில் "கிணறு தங்கைக்கு" என்று அண்ணன் மாற்றினார். உடனே தங்கை அதை அழித்து, "அண்ணனுக்கு" என்று எழுதினார். அண்ணன் மீண்டும் மாற்றினார், தங்கையும் விடவில்லை.

மலைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார், ரெண்டு பேரும் வுட்டுக்குடுத்துகினே கீறாங்க. எதைங்க பிரிண்ட் போடறது?" என்றார் தட்டச்சர் மஞ்சுளா.

கடைசியாகத் தட்டியவரின் சொல்லையே அந்தச் செயலி சேமிக்கும். ஆகவே இருவரையும் ஒரே தொலைபேசி அழைப்பில் இணைத்தேன்.

"நீயே வச்சிக்கம்மா," என்றார் அண்ணன்.

"அது கெடக்கட்டும். நீ சாப்ட்டியாண்ணா?" என்றார் தங்கை.

பேசி முடித்ததும், கிணறு பொது என்று எழுதச் சொன்னார்கள்.

இருவருமே விட்டுக்கொடுத்தால் என்ன செய்வதென்று அறிந்த செயலி ஏதேனும் இருப்பின், நண்பர்கள் தெரிவிக்கவும்.

(ஒப்பம்)
வரைவு எழுதிய வழக்கறிஞர்

சாட்சிகள்: மஞ்சுளா, குமாஸ்தா முனிரத்தினம்