நாலு கோடும் நிமிர்ந்து நின்ற போன்

அந்தத் தெருவில் நின்று 'அலோ' என்று கூப்பிட்டால் ஒரே ஒரு ஆள்தான் திரும்பிப் பார்ப்பார். மருந்துக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் செருகி வைத்ததுபோல ஒரு போன் கடை உண்டு. இரண்டு பேர் வந்துவிட்டால் ஒருவர் ஒருக்களித்துத்தான் நிற்க வேண்டும். அதன் சொந்தக்காரர்தான் அவர். வீட்டில் வைத்த பேர் கடைப் பலகையில் பெரிதாகவே இருக்கிறது. யாரும் அதைப் படிப்பதில்லை.

பேர் வந்த கதை சுலபம். போன் வாங்க வருகிறவரிடம் காமிராவைப் பற்றியோ கலரைப் பற்றியோ அவர் கேட்கமாட்டார். முதல் கேள்வியே, "வீட்ல எந்த ரூம்ல உக்காந்து பேசுவீங்க?" என்றுதான் இருக்கும். வந்தவர் முழிப்பார். போன் வாங்க வந்தோமா, வீடு வாடகைக்குக் கேட்டு வந்தோமா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிடும். அலோ விடமாட்டார். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு அந்த ஆளின் வீட்டுக்கே போவார். அறை அறையாக நின்று, தன் மனைவியைப் போனில் கூப்பிடச் சொல்லி, "அலோ... அலோ, கேக்குதா?" என்று பேசிப் பார்த்த பிறகுதான் போனைப் பெட்டியிலிருந்து எடுப்பார். யார் வீட்டு அடுப்படியில் எந்த மூலையில் குரல் உடையும் என்பது அவருக்கு அத்துப்படி.

ஒரு காலத்தில் அவரும் எல்லாரையும் போலத்தான் விற்றார். ரொட்டிக் கடைக்காரர் ஒருவருக்கு, இருப்பதிலேயே நல்ல போனைக் கொடுத்தார். அந்த மனிதர் வேலை செய்வது தரைக்குக் கீழே, அடுப்புச் சூட்டில், கனத்த சுவர்களுக்கு நடுவில். அவர் மனைவிக்கு வலி எடுத்த அன்று வீட்டிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். போன் அவர் பையிலேயே இருந்திருக்கிறது, சத்தமே இல்லாமல். குழந்தை பிறந்த பிறகுதான் அவர் மேலே ஏறி வந்தார். மறுநாள் கடைக்கு வந்து, ஒரு வார்த்தை திட்டாமல், போனைக் கண்ணாடி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் அலோ மறந்திருப்பார்.

அன்றிலிருந்து அவர் சொல்வது முக்காலிக் கணக்கு. போன் ஒரு கால், சிம் ஒரு கால், நாம் உட்காருகிற அறை ஒரு கால். எது குட்டையானாலும் விழுவது நாம்தான்.

சிம் கம்பெனிகளை அவர் பேர் சொல்லி அழைத்ததே இல்லை. ஒரு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி மூத்தவன், நடுவுள்ளவன், கடைக்குட்டி என்பார். மூத்தவன் ஆமை வேகம், ஆனால் நிலவறைக்குள் கூப்பிட்டாலும் வந்து நிற்பான். நடுவுள்ளவன் தெருவில் ராஜா. வீட்டு வாசல்வரை வந்து, உள்ளே வரக் கூச்சப்பட்டுத் திரும்பிவிடுவான். கடைக்குட்டி காலையில் பறப்பான். ஊரே வேலை முடிந்து வீடு திரும்பிப் படம் பார்க்க உட்கார்ந்தால் அவனுக்கு மூச்சு வாங்கும். "எவனும் கெட்டவன் இல்ல, எவனை எங்க கூட்டிட்டுப் போறோம்னு தெரியணும்" என்று முடிப்பார்.

இந்த மூன்று பேரையும் அவர் எப்போதும் கூடவே வைத்திருந்தார். மூன்று பழைய பொத்தான் போன்களில் ஆளுக்கொரு சிம். சாதாரணச் சட்டைப் பை அந்தக் கனத்தைத் தாங்காது. அதனால் அவர் சட்டைகளில் மட்டும் பை மூன்று அறையாகத் தடுத்து, இரட்டைத் தையல் போட்டிருக்கும். தைத்தது அவர் அக்கா.

அக்கா இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார். கல்யாணப் பேச்சு வந்த காலத்திலேயே, எனக்கு இந்த மிஷினே போதும், இது சொன்ன பேச்சைக் கேட்கும் என்று முடித்துக்கொண்டவர். திரைச்சீலை, தலையணை உறை, பள்ளிக்கூடச் சீருடை என்று எப்போதும் துணி குவிந்திருக்கும். மாடிப்படி ஏறும்போதே மிதியின் தடதட சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்தே அக்கா என்ன மனநிலையில் இருக்கிறார் என்று தம்பி சொல்லிவிடுவார்.

அந்த அக்காவோடுதான் அவருக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது.

தப்பு அவருடையதுதான், அவர் வாயுடையது. தன் அம்மாவுக்குப் பெரிய பொத்தானும் பெரிய எழுத்தும் உள்ள போன் கேட்டு ஒருவர் வந்தார். விற்கிற வேகத்தில் அலோ பாசமாகவே சொன்னார்: எங்க அக்காவுக்கே கண் மங்கிவிட்டது, ஊசியில் நூல் கோக்கத் தடவுகிறார், அவருக்கும் இதே போன்தான் எடுத்து வைத்திருக்கிறேன் என்று. கேட்டவர் பள்ளிக்கூடத்தில் சீருடை வேலையைப் பார்க்கிறவர். கொஞ்ச நாளில் அக்காவின் அறையிலிருந்து சீருடைத் துணிக்கட்டு திரும்பிப் போய்விட்டது. பார்வை பற்றி அக்கா யாரிடமும் மூச்சு விட்டதில்லை. தம்பிக்கு மட்டும்தான் தெரியும்.

"என் கண்ணை எடுத்து உன் கண்ணாடிப் பெட்டியில விக்க வச்சிட்டியேடா." அக்கா சொன்ன கடைசி வார்த்தை அது.

அந்தச் சமயம் பார்த்து, சிம் கம்பெனிகளில் மூத்தவன் ஒரு வேலை செய்தான். பழைய நெட்வொர்க்கை நிறுத்தப்போகிறோம், பழைய போன்கள் இனி வேலை செய்யாது என்று அறிவித்தான். அலோ தன் வாடிக்கையாளர் எல்லாருக்கும் வீடு தேடிப் போய்ச் சொன்னார். அக்கா வீட்டு மாடிப்படியில் மட்டும் கால் வைக்கவில்லை. நாளைக்குப் போகலாம் என்று தள்ளிப்போட்டார். அதற்குள் நெட்வொர்க் நின்றது, அக்காவின் போன் செத்தது. அதற்குமேல் தாங்காமல், எடுத்து வைத்திருந்த அந்தப் பெரிய பொத்தான் போனைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போனார்.

அக்கா கதவைத் திறந்தார். திரும்பிப்போய் மிஷினில் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தார். வா என்றும் இல்லை, போ என்றும் இல்லை. அலோ நின்றபடியே பழைய போனின் சிம்மை எடுத்துப் புதியதில் போட்டார். ஒன்றாம் பொத்தானை அழுத்தினால் தன் எண்ணுக்குப் போகிற மாதிரி வைத்தார். திரையைப் பார்த்தார்: சிக்னல் கோடு நாலும் நிமிர்ந்து நின்றன. இதற்கு அடுத்து அவர் வழக்கமாகச் செய்வது ஒன்று உண்டு. கூப்பிட்டுப் பேசிப் பார்ப்பது. பேசிப் பார்க்க வேண்டுமென்றால் அக்கா அந்தப் பக்கம் 'அலோ' சொல்ல வேண்டும், அல்லது இவர் சொல்ல வேண்டும். தடதடவென்று மிதி ஓடிக்கொண்டே இருந்தது. மிஷின் ஓரத்தில் போனை வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டார்.

ஊரில் ஒருவருக்கும் அப்படிக் கொடுத்ததில்லை. சொந்த அக்காவுக்கு அந்த நாலு கோடுகளை நம்பிக் கொடுத்தார்.

பிறகு காத்திருந்தார். கோபம் ஆறினால் அக்கா ஒன்றை அழுத்துவார் என்று ஒரு நம்பிக்கை. கடையில் எந்த போன் சிணுங்கினாலும் கை முதலில் சொந்த போனுக்குப் போனது. இதற்கிடையில் சட்டைப் பையின் தையல் ஒரு பக்கம் விட்டு, மூத்தவனும் நடுவுள்ளவனும் ஒரே அறையில் விழுந்து கிடந்தார்கள். வேறு தையல்காரரிடம் கொடுக்கலாம் என்று மனைவி சொன்னதற்கு, வேண்டாம் என்று ஊக்கு குத்திக்கொண்டார்.

"நீங்களே ஒரு தடவை கூப்பிட்டா என்ன? ஊரையே பேச வைக்கிறீங்க."

"எடுக்கலன்னா?"

எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள அலோவுக்குத் துணிச்சல் இல்லை. கூப்பிடாமல் இருக்கிறவரை, எடுத்தாலும் எடுக்கலாம் என்று ஒரு ஓரம் மிச்சம் இருந்தது.

ஒரு மத்தியானம், போன் திரைமேல் ஒட்டியிருந்த, கீறல் விழுந்த மேல்தாளை மாற்ற டீச்சர் ஒருவர் வந்தார். அலோ பழைய தாளை உரித்துக்கொண்டிருந்தபோது அவர் அலுத்துக்கொண்டார். திரைச்சீலை தைக்கக் கொடுத்து எவ்வளவோ நாள் ஆகிறது, கால் வலியில் மாடி ஏற முடியவில்லை, உங்கள் அக்கா போனே எடுப்பதில்லை, தொழிலை விட்டுவிட்டாரா என்று கேட்டார்.

அலோவின் நகம் தாளின் ஓரத்தில் அப்படியே நின்றது. "ரிங் போகுதா டீச்சர்?"

"எங்கண்ணே போகுது? எல்லைக்கு வெளிய இருக்காருன்னு ஒரு பொம்பளை சொல்றா. மாடி ரூம்ல உக்காந்திருக்கவங்க எந்த எல்லைக்கு வெளிய போவாங்க?"

அலோவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. சில புது போன்களில், புது நெட்வொர்க் வழியாகப் பேசுகிற வசதி அணைத்தே வரும். கோடு நாலும் காட்டும், பேச்சு மட்டும் பழைய நெட்வொர்க்கைத் தேடும். அதுதான் செத்துப்போயிற்றே. பெட்டியைத் திறந்ததும் அவர் முதலில் முடுக்குவது அதைத்தான். மறந்தாலும், ஒரே ஒரு 'அலோ' சொல்லிப் பார்த்திருந்தால் அந்த நிமிஷமே தெரிந்திருக்கும்.

டீச்சரை முக்காலியில் உட்காரச் சொல்லி, பாதி உரித்த போனை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, இதோ வந்துவிடுகிறேன் என்று ஓட்டமும் நடையுமாகப் போனார்.

மாடிப்படியில் சத்தமே இல்லை. அந்தப் படியில் அவர் அப்படி ஒரு அமைதியைக் கேட்டதே கிடையாது. பாதியில் கால் நின்றுவிட்டது.

அக்கா ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்தார். மிஷினுக்கு உறை போட்டிருந்தது. தைத்து முடித்த துணிகள் மடித்த மேனிக்கு அடுக்கியிருந்தன. வாங்க ஆள் வரவில்லை.

"என்ன, கடையை மூடிட்டு வந்துட்டியா? என் கடையை மூடுனது பத்தாதுன்னு?"

அலோ மிஷின் ஓரத்தில் இருந்த போனை எடுத்தார். நாலு கோடும் அன்றைக்கு மாதிரியே விறைப்பாக நின்றன. உள்ளே போய், அணைந்து கிடந்ததை முடுக்கினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு போன் கீச்சென்றது. மறுபடி கீச்சென்றது. விடாமல் கத்தியது.

"ஏன்டா இது இப்படிக் கத்துது?"

"உன்னைக் கூப்பிட்டவங்கக்கா. லைன் கெடைக்காதவங்க நம்பரெல்லாம் இப்ப வருது." ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். எண்ணைக் கேட்டதுமே அக்கா ஆளைச் சொன்னார்: டீச்சர், தலையணை உறைக்காரர், கீழ்வீட்டின் மகள், மறுபடி டீச்சர். அவர்கள் எல்லாரும் தன் மங்கிய கண்ணுக்குப் பயந்து ஓடிவிட்டார்கள் என்றுதான் அக்கா மிஷினுக்கு உறை போட்டிருந்தார். சீருடைக்காரர் எண் மட்டும் அதில் இல்லை. அது நிஜமாகவே போனதுதான்.

"அதுல உன் நம்பர் இருக்கா?"

அலோ திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்ல."

"நான் ஒண்ணை அமுக்குனேன். நெறைய தடவை. சத்தமே வரல. என்னை வேண்டாம்னு அடைச்சு வச்சிட்ட போலன்னு நெனச்சேன்."

அலோ போனை அக்காவிடம் நீட்டினார்.

"தப்பு என்னுதுக்கா," என்றார்.

"எது? போன்ல பண்ணுனதா, கடையில பேசுனதா?"

"ரெண்டும்."

அக்கா போனை வாங்கினார். பொத்தான்களைக் கட்டைவிரலால் தடவி, ஒன்றைக் கண்டுபிடித்து அழுத்தினார். தம்பியின் போன் அடித்தது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தையல் மிஷின் தூரம்தான். அவர் எடுத்துக் காதில் வைத்தார்.

"அலோ."

"கேக்குதா?"

"கேக்குதுக்கா."

"அப்ப நல்லாக் கேளு. என் கண்ணைப் பத்தி யார்கிட்ட சொல்லணுமோ நான் சொல்லிக்கிறேன். நீ சொல்லாத."

"சரிக்கா."

"சட்டைப் பையில என்னது அது, ஊக்கா?"

"தையல் விட்டுப்போச்சு."

"அது தெரியுது. வேற எவளாவது கை வச்சாளா?"

"இல்ல."

"நாளைக்குக் கொண்டா. இப்ப போ, கடையில ஆள் இருக்கும்."

போனை வைக்கச் சொல்லி அக்கா சொல்லவில்லை. அவரும் வைக்கவில்லை. காதில் வைத்தபடியே படி இறங்கினார். படிக்கட்டுத் திருப்பம் எப்போதும் குரல் உடைகிற இடம். அங்கே நின்று, இங்கே கேட்கிறதா என்றார். கேட்கிறது, பார்த்து இறங்கு என்றது போன். தெரு முனை வந்தது, மருந்துக் கடை வந்தது. ஒவ்வொரு இடத்திலும் அவர் சொல்லிக்கொண்டே வர, அக்கா ம் கொட்டிக்கொண்டே இருந்தார்.

டீச்சர் இன்னும் முக்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். அக்கா இன்னும் லைனில் இருந்த தன் போனை அலோ அவர் கையில் கொடுத்தார். டீச்சர் திரைச்சீலையில் ஆரம்பித்து, கால் வலிக்குப் போய், மறுபடி திரைச்சீலைக்கு வந்தார். அந்தப் பக்கம் அக்கா என்ன சொன்னாரோ, டீச்சரின் குரல் திடீரென்று தணிந்தது. "அதுக்கென்னங்க, நூலை நான் வந்து கோத்துத் தரேன்," என்றார்.

அலோ குனிந்து, பாதி உரித்த மேல்தாளை மறுபடி உரிக்க ஆரம்பித்தார். டீச்சரின் காதோரம் இருந்த போனிலிருந்து மெதுவாக, பிறகு வேகமாக, தடதடவென்று மிதிச் சத்தம் கேட்டது.