நான் மாற்றிச் சொன்ன முடிவு

நேற்று மத்தியானம் வழக்கம்போல் கரண்ட் போனது. கீழே போன் கடைக்காரர் ஜெனரேட்டரை இழுத்துவிட்டார். டீசல் புகை மூன்று மாடி ஏறி என் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, கேட்காமலே உட்கார்ந்துகொண்டது. அந்த நாற்றத்துக்கு மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். நான் மட்டும் சினிமா ஆரம்பிக்கப் போகிறது என்று நிமிர்ந்து உட்காருவேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் என் வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன்.

போனில் சார்ஜ் இருந்தது. யாரோ புண்ணியவான் ஒரு பழைய பிரிட்டிஷ் போலீஸ் நாடகத்தை முழுதாக ஏற்றி வைத்திருந்தார். பெயர் வேண்டாம், அதற்கும் சண்டைக்கு வருவார்கள். வாரம் ஒரு கொலை, கொலைக்குப் பின்னால் வாடகை கட்ட முடியாதவர்கள், வேலை போனவர்கள், ஆஸ்பத்திரியில் துடைப்பம் பிடிப்பவர்கள் என்று ஒரு கூட்டத்தின் கதை. அதில் ஒரு பாகத்தைத் தேடிப் பிடித்தேன். துணி வெளுக்கும் ஆலையில் தீப்பிடித்து இரண்டு பெண்கள் செத்துப்போகும் பாகம். பார்த்து முடித்துவிட்டுச் சும்மா இருக்காமல், கீழே பார்த்தவர்கள் எழுதியிருந்த கருத்துகளைப் படிக்கப் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"கதை ஆமையாக நகர்கிறது" என்று ஒருவர். "கொலையைப் பார்க்க உட்கார்ந்தால் ஏழைகளைப் பற்றிப் பிரசங்கம்" என்று இன்னொருவர். போகட்டும், அவரவர் ரசனை. அதற்குக் கீழே ஒரு மகராசன் எழுதியிருந்தார்: "முடிவு நம்பும்படி இல்லை. சாவி வைத்திருந்த ஒரே குற்றத்துக்கு ஒரு வேலைக்காரியை உள்ளே தள்ளுவார்களா? எந்த ஊரில் நடக்கும் இது?" அதை ஆமோதித்து ஒரு பட்டாளமே விரல் தூக்கியிருந்தது.

எந்த ஊரிலா? எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. படியிறங்கி வாருங்கள் ஐயா, காட்டுகிறேன் என்று போனைப் பார்த்துக் கத்தினேன். எதிர்வீட்டுப் பால்கனியில் துணி காயப்போட்டவள் எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

ரங்கூனில் (போர்டில் யாங்கோன் என்று எழுதினாலும் எங்கள் வாய்க்கு ரங்கூன்தான்) வீடியோ கேசட் காலத்தில் தெருவுக்குத் தெரு வீடியோ கொட்டகை இருந்தது. எங்கள் தெருவில் நூர் பாய் வெற்றிலைக் கடைக்குப் பின்னால், பாய் விரித்த ஒரு நீள அறை. ஒரு டிவி, ஒரு டெக், வாசலில் டீசல் ஜெனரேட்டர். பாயின் மச்சான் கப்பலில் வேலை பார்த்தவர். ஒவ்வொரு தடவை கரையிறங்கும்போதும் இங்கிலாந்து டிவியில் பிடித்த கேசட்டுகளைக் கொண்டுவந்து கொட்டுவார். படம் இருந்தது, பாஷைதான் யாருக்கும் தெரியவில்லை. அதற்குத்தான் நான்.

வாரநாளில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட், ஞாயிறு மத்தியானம் கதைசொல்லி. டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வெள்ளைக்காரர்கள் வாயசைக்க நான் பேசுவேன். இரண்டு வரி பர்மாப் பாஷை, ஒரு வரி தமிழ். கொலைகாரனுக்குத் தனிக்குரல், இன்ஸ்பெக்டருக்குத் தனிக்குரல். எல்லாரும் என்னை "சயாமா", அதாவது டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வயதில் அப்படிக் கூப்பிட்டால் தலை கனக்காமல் என்ன செய்யும்?

படம் முடிந்ததும் யாரும் எழுந்து போகமாட்டார்கள். அதற்கப்புறம்தான் அசல் நாடகமே. மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் தோ கின் அம்மாள் முன்வரிசையில் சப்பணமிட்டு உட்கார்ந்து வழக்கை மறுபடி விசாரிப்பார். எங்கே போனாலும் குடையை மறந்துவிட்டு வரும் அந்த இன்ஸ்பெக்டர்மீது அவருக்கு மதிப்பே கிடையாது. "அந்த ஊர்ல மழை நிக்கறதே இல்ல, இவன் குடைய மறக்கறான். இவனா கொலைகாரனப் பிடிப்பான்?" என்பார். ஏழை என்று காட்டிய வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தது ஒரு மாதம் ஓடிய விவகாரம். போலீஸ்காரர் கதவைத் தட்டி, உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டு வாசலிலேயே நின்றார் பாருங்கள், அன்று கொட்டகையே உருண்டு சிரித்தது. ஆனால் செத்தவளுக்குப் பிள்ளை உண்டா, அதை இனி யார் பார்ப்பார்கள் என்று கேட்காமல் ஒருவரும் கலையமாட்டார்கள். எனக்குத் தெரியாவிட்டால் திட்டு எனக்குத்தான் விழும்.

பாயிடம் ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. "ஜனம் மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு வெளிய போகக்கூடாதும்மா. போனா அடுத்த வாரம் வராது" என்பார். சனிக்கிழமையே கேசட்டை எனக்குப் போட்டுக் காட்டி, முடிவு சோகமாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து சரி பண்ணிவிடுவோம். செத்தவன் ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொள்வான், ஓடிப்போனவன் துறைமுகத்தில் பிடிபடுவான். இதில் எனக்கு ஒரு கூச்சமும் இருந்ததில்லை. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் எதிர்வீட்டில் மாரியக்கா இருந்தாள். ஊர்க்கோடியில் ஷ்வேப்யிதாவில் சட்டை தைக்கும் ஃபேக்டரியில் வேலை. விடியும் முன்னே கன்னத்தில் தனாக்காப் பட்டையைச் சந்தனம்போல் அரைத்துப் பூசி, டிபன் கேரியரோடு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவாள். அந்த வருஷம்தான் அவளை சூப்பர்வைசர் ஆக்கியிருந்தார்கள். கூடவே பின்கதவுச் சாவியையும் கொடுத்தார்கள். துணி வெளியே போய்விடக்கூடாது, தைக்கிற பெண்பிள்ளைகள் நடுவில் எழுந்து போய்விடக்கூடாது என்று வேலை நேரம் முழுக்க அந்தக் கதவு பூட்டியிருக்கும். கறுப்புக் கயிற்றில் கோத்து அவள் இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தெருவில் எல்லாரும் பார்த்தோம், பதவிதான் என்று பேசிக்கொண்டோம்.

அவள் வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் நேற்று போனில் பார்த்த இதே ஆலைக் கதையைப் போட்டோம். பின்கதவைப் பூட்டச் சொன்னவர் முதலாளி. சாவி வைத்திருந்தது சாம்பல் கோட்டுப் போட்ட ஒரு மேஸ்திரிப் பெண். கடைசியில் முதலாளிக்கு எதிரான காகிதம் காணாமல் போகிறது. அவர் கறுப்புக் காரில் ஏறி வீட்டுக்குப் போகிறார், சாம்பல் கோட்டுக்காரியை இரண்டு போலீஸ்காரர்கள் நடத்திக்கொண்டு போகிறார்கள். இன்ஸ்பெக்டர் மழையில் நனைந்துகொண்டு நிற்கிறார். அவ்வளவுதான் படம்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அந்தப் பொம்பள சொன்னதச் செஞ்சவதான், அவ மேல தப்பில்லன்னு போலீஸே மரியாதையா வீட்டுல விடப் போகுது. மொதலாளி ஏறுறது ஜெயில் காரு" என்றேன். கொட்டகை கைதட்டியது. தோ கின் மட்டும், "ஜெயில் கார் டிரைவர் தொப்பியக் கழட்டி சலாம் போடுவானா?" என்றார். "இங்கிலாந்துல பணக்காரக் கைதிக்கு அப்படித்தான்" என்று கூசாமல் சொன்னேன். நம்பிவிட்டார்கள். கதவைத் தட்டி அனுமதி கேட்கிற போலீஸை வாராவாரம் பார்த்தவர்கள், அந்த ஊரில் எதுவும் நடக்கும் என்று பழகியிருந்தார்கள்.

எல்லாரும் கலைந்த பிறகு மாரியக்கா என் ஸ்டூலருகே வந்தாள்.

"தங்கச்சி, அந்தச் சாவிக்காரிக்கு ஒண்ணும் ஆகலயே?"

"ஒண்ணும் ஆகலக்கா."

"நெசமாத்தானே? இங்கிலீசுல அப்படித்தானே சொல்றான்?"

"நெசமாத்தான்."

அவள் இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "ரெண்டு வாரமா மனசே சரியில்ல. எதாவது ஒண்ணு ஆச்சுன்னா என்ன பண்றதுன்னு. திருப்பிக் குடுத்துரலாமான்னு இருந்தேன்" என்றாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். நூர் பாய் எதிரே தரைவிரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சொன்ன முடிவை மாற்றினால் என் சயாமா பட்டம் என்ன ஆகும்?

அடுத்த வெயில்காலத்தில் அந்த ஃபேக்டரியில் பஞ்சுக் கழிவு தீப்பிடித்தது. முன்பக்கத் தையல் வரிசையில் நின்ற மாரியக்கா புகைக்குள் முண்டிக்கொண்டு வந்து கதவைத் திறப்பதற்குள் இரண்டு பெண்கள் மாடி ஜன்னல் வழியாகக் குதித்துவிட்டார்கள். ஒருத்திக்குக் கால் போனது. இன்னொருத்தி பிழைக்கவில்லை. அவள் பெயர் சூ சூ, பதினெட்டு வயது. முதலாளி அந்த வாரமே வெளிநாடு போய்விட்டார். பின்கதவுக்குப் பொறுப்பு சூப்பர்வைசர் என்று ஒரு காகிதம் இருந்தது, அதில் அக்காவின் கையெழுத்தும் இருந்தது. அந்தக் காகிதம் மட்டும் காணாமல் போகவில்லை. இரண்டு மழைக்காலம் அவள் உள்ளே இருந்தாள். ஒரு தடவைகூட நான் போய்ப் பார்க்கவில்லை. எழுதவே கை கூசுகிறது.

வெளியே வந்தவள் தெருவுக்குத் திரும்பவில்லை. ஆற்றுக்கு அந்தப்பக்கம் டாலாவில் தம்பி வீட்டோடு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஐந்தாறு வருஷம் மனசு அரித்த பிறகு ஒருநாள் படகேறிப் போனேன். சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷாவில் குலுங்கிக்கொண்டு போய் இறங்கினால், அக்கா வீட்டுவாசலில் பருப்பு வடை சுட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். கறுப்புக் கார் ஜெயில் கார் இல்லை, சாவிக்காரியைத்தான் பிடித்துக்கொண்டு போனார்கள், நான்தான் மாற்றிச் சொன்னேன் என்று.

அவள் கரண்டியை எண்ணெயில் அப்படியே வைத்திருந்தாள். வடை கருகுகிற வாடை வந்தது.

"அப்பவே தெரிஞ்சிருந்தாலும் சாவிய வச்சிக்கிட்டுத்தான் இருந்திருப்பேன். வேல வேணுமே" என்றாள். அப்புறம், "ஆனா பூட்டியிருக்க மாட்டேன் தங்கச்சி" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. கருகியதை அரித்துப் போட்டுவிட்டு, "அந்த இங்கிலீஷ்காரி எத்தன வருஷம் உள்ள இருந்தா?" என்று கேட்டாள்.

"தெரியாதுக்கா. அதோட படம் முடிஞ்சிருச்சு."

"கேட்டிருக்கலாம்ல யாராவது" என்றாள்.

மாரியக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். தோ கின் இல்லை, நூர் பாய் இல்லை. கொட்டகை இருந்த இடத்தில்தான் இப்போது அந்த போன் கடை, நேற்று ஜெனரேட்டர் போட்ட கடை. படம் முடிந்ததும் சப்பணமிட்டு உட்கார்ந்து செத்தவளின் பிள்ளையை விசாரிக்கும் கூட்டம் போனதோடு சரி. அவரவர் கையில் ஒரு திரை, அவரவர் தீர்ப்பு.

கரண்ட் வந்த பிறகும் நான் விடவில்லை. அந்தக் கருத்துகளை மேலிருந்து கீழ்வரை ஒன்றுவிடாமல் படித்தேன். நடிப்பைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், இன்ஸ்பெக்டரின் குடையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், அந்தக் கறுப்புக் கார் எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று இரண்டு பேர் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். சாம்பல் கோட்டுக்காரி எத்தனை வருஷம் உள்ளே இருந்தாள் என்று ஒருவர் கேட்கவில்லை.