றகர் பார்க்கப் போன சனிக்கிழமை

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிற ஒருவருக்கு என்னைக் கட்டிக் கொடுத்தபோது, அங்கே றகர் பற்றிக் கதைக்க ஓர் ஆள்கூட இருக்காது என்பதை வீட்டில் யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. பெண்பிள்ளைக்கு றகர் எதற்கு என்று கேட்டிருப்பார்கள்.

றக்பியைக் கொழும்பில் நாங்கள் றகர் என்றுதான் சொல்வோம். அப்பா அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். சனிக்கிழமைகளில் அண்ணனையும் என்னையும் ஆட்டம் பார்க்கக் கூட்டிப் போவார். அண்ணன் கடலைக்காக வந்தான், நான் ஆட்டத்துக்காக வந்தேன். முட்டை போன்ற அந்தப் பந்து நிலத்தில் பட்டால் எந்தப் பக்கம் துள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதன் பின்னால் பெரிய பெரிய மனிதர்கள் சேற்றில் விழுந்து புரளுவார்கள். எவ்வளவு சத்தம் போட்டாலும் யாரும் அதட்டாத ஒரே இடம் எனக்கு அதுதான்.

கலியாணத்துக்குப் பிறகு அந்தச் சத்தமெல்லாம் நின்று போயிற்று. எங்களுடையது குடியேற்றத் திட்டத்துக் காணி. பக்கத்து வீடு என்பது மூன்று ஏக்கர் வயலுக்கு அப்பால் இருந்தது. அவர் விடிய மண்வெட்டியோடு போனால் பொழுதுபடத்தான் திரும்புவார். வந்தாலும் பத்துச் சொல்லுக்கு மேல் பேசமாட்டார். பிள்ளைகள் இல்லை. கடையில் சீனி சுற்றித் தந்த பழைய பத்திரிகைத் துண்டில் விளையாட்டுச் செய்தி ஏதும் இருந்தால், அதை விரித்து வைத்துக் கோழிகளுக்கு உரக்க வாசிப்பேன். சிரிக்கலாம். ஆறு வருடம் அப்படி இருந்து பார்த்தால் சிரிப்பு வராது.

நியூசிலாந்திலிருந்து ஓர் அணி வருகிறது, இலங்கை அணியோடு ஆடப்போகிறது என்று அண்ணன் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து எழுதினான். தனக்கும் எனக்குமாக டிக்கெட் எடுத்துவிட்டானாம். கடிதத்தின் அடியில், "பின்னறை சும்மாதான் கிடக்குது. விருப்பமெண்டால் எவ்வளவு நாளும் இருக்கலாம்" என்று எழுதியிருந்தான். அந்த வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. திரும்பி வருவதில்லை என்று முடிவெடுத்துத்தான் பெட்டி அடுக்கினேன். அதை அவரிடம் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? அடிக்காத, குடிக்காத மனிதன். சண்டை பிடிக்கக்கூட ஒன்றும் இல்லாத வீடு. அந்த அமைதியில் எனக்குப் பைத்தியம் பிடிக்கப் பார்த்தது, அவ்வளவுதான்.

"நானும் வாறன்," என்றார் அவர்.

எனக்கு எரிச்சல் வந்தது. "வயலை ஆர் பாக்கிறது?"

"பக்கத்துக் காணிக்காரர் பாப்பார்."

வெள்ளிக்கிழமை கிளிநொச்சியில் ரயில் ஏறினோம். அநுராதபுரம் தாண்டும் வரை அவர் ஜன்னல் வழியே மற்றவர்களின் வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். வெள்ளவத்தையில் அண்ணன் பெருந்தன்மையாகத் தன்னுடைய டிக்கெட்டை அவரிடம் கொடுத்துவிட்டான். ஆக, ஆறு வருடமாக நான் ஏங்கியிருந்த ஆட்டத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் றகர் என்றால் என்னவென்றே தெரியாத ஒருவர்.

மைதானம் நிரம்பி வழிந்தது. தொப்பி வைத்த துரைமார், கவுண் போட்ட பறங்கிப் பெண்கள், மதில் மேலும் மரத்திலும் ஏறியிருந்த பொடியங்கள். சேலை கட்டிய பெண் என்று பார்த்தால் எங்கள் வரிசையில் நான் ஒருத்திதான். நியூசிலாந்துக்காரர்கள் கறுப்புச் சட்டையோடு ஓடி வந்தார்கள். சுதந்திரம் கிடைத்துச் சில வருடமே ஆன காலம், எங்கள் அணியில் பாதிப்பேர் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர்கள். ஆனாலும் எங்கள் பக்கம் எங்கள் பக்கம்தானே! நான் கத்தத் தொடங்கினேன். முன்னால் இருந்த சீமாட்டி திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று விட்டேன்.

இரண்டு பக்கத்தாரும் தலையைக் குனிந்து, தோளோடு தோள் பூட்டி, ஒருவரையொருவர் தள்ளினார்கள். பந்து கிடைத்தவன் ஓடினான், பிடிபட்டால் பின்னால் வருபவனுக்கு எறிந்தான்; முன்னுக்கு எறியக் கூடாது. அவர் கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

"பந்தைப் பின்னுக்கு எறிஞ்சு எறிஞ்சு எப்பிடி முன்னுக்குப் போறது?" என்று கேட்டார்.

"அதுதான் ஆட்டம்," என்றேன். வேறு யாராவது கேட்டிருந்தால் மணிக்கணக்கில் விளக்கியிருப்பேன். அவருக்கு விளக்க மனம் வரவில்லை. அத்தனை சனத்துக்கு நடுவிலும் நான் தனியாகத்தான் இருந்தேன். பார்த்ததைச் சொல்லிப் பகிர ஆள் இல்லாவிட்டால் கொழும்பும் கிளிநொச்சிதான் என்று அப்போது தோன்றியது.

இடைவேளைக்குப் பிறகு மழை பிடித்தது. சனம் முணுமுணுத்தது. குடைகள் விரிந்தன. "குடையை மடக்கு!" என்று பின்னாலிருந்து கூச்சல். அவர் மட்டும் உள்ளங்கையை நீட்டி மழையை ஏந்திக்கொண்டிருந்தார்.

"இண்டைக்கு எங்கட தண்ணி," என்றார்.

எனக்கு விளங்கவில்லை. பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். மழை குறைந்த சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீரை முறை வைத்துத்தான் விடுவார்கள். அந்த நேரத்துக்குக் காணிக்காரனே மண்வெட்டியோடு தன் மடையில் நிற்க வேண்டும். களவும் சண்டையும் வரும் என்பதால் அவனுக்காக வேறு ஆள் நிற்க, தண்ணீர் பங்கிடுகிற விதானையார் விடமாட்டார். ஆள் இல்லாவிட்டால் தண்ணீர் அடுத்த காணிக்குப் போய்விடும். எங்கள் முறை அந்தச் சனிக்கிழமை பின்னேரம். கதிர் வருகிற நேரம் வேறு. எங்கள் தண்ணீர் எந்த நாள் என்று அந்த ஆறு வருடத்தில் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"அப்ப ஏன் வந்தனீங்கள்?" கோபமாகத்தான் கேட்டேன்.

அவர் மைதானத்தைப் பார்த்தபடியே சொன்னார். "நீர் இனித் திரும்பி வரமாட்டீர் எண்டு பெட்டியைப் பாக்கவே தெரிஞ்சுது. எதுக்காக என்னை விட்டிட்டுப் போறீர் எண்டு ஒருக்கால் பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனான்." முகத்து மழையைத் துடைத்துவிட்டு, "பாத்தன். வடிவாத்தான் இருக்கு," என்றார்.

அந்த நேரம் பார்த்து மைதானமே எழும்பி ஆர்ப்பரித்தது. தொப்பிகள் மேலே பறந்தன. எங்கள் அணியில் யாரோ கோட்டைத் தாண்டிப் பந்தோடு விழுந்திருக்கிறான். அன்று முழுக்க எங்களுக்குப் புள்ளி தந்த ஒரே ட்ரை அதுதான். நான் அதைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றோடு என் தனிமை தீர்ந்தது என்று எழுதினால் பொய். அதற்குப் பிறகும் எத்தனையோ மத்தியானங்கள் அந்த வீட்டில் தனியே இருந்து அழுதிருக்கிறேன். அந்தப் போகம் நெல்லும் பாதிக்குப் பாதி பதராகிப் போனது. அதெல்லாம் பிறகு நடந்தவை. அன்று, எல்லோரும் எழும்பி நின்று கத்திக்கொண்டிருந்த இடத்தில், நாங்கள் இரண்டு பேர் மட்டும் மழையில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தோம்.

"அடுத்த தண்ணி எண்டைக்கு?" என்று கேட்டேன்.

"எட்டு நாள் கழிச்சு, ஞாயிற்றுக்கிழமை."

"அண்டைக்கு நானும் மடையடியிலை வந்து நிக்கிறன்," என்றேன்.