இடுப்பெலும்பில் ஒரு மூடுபனி

எங்க தொழில்ல ஸ்கேன் எடுக்க ரெண்டு வருஷத்துல கத்துக்கலாம். எதையும் காட்டாம மூஞ்சியை வெச்சுக்க ஆயுசு பத்தாது. ரிப்போர்ட்டுக்காக வராண்டாவுல காத்துக் கிடந்தவங்களுக்கு நான் சொல்றது புரியும். வில்லியனூர் பக்கத்து ஆஸ்பத்திரி ஒண்ணுல நான் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன்.

தூக்கம்

பாகூர்லேர்ந்து ஒரு கரும்பு விவசாயி, இடுப்பு வலின்னு வந்தார். எலும்புல கட்டியோன்னு சந்தேகம். எடுத்துப் பார்த்தா வெறும் மூட்டுத் தேய்மானம்தான். மிஷின் போடுற சத்தத்துல மத்தவங்க மிரளுவாங்க. இவர் சுகமா குறட்டை விட்டார். அந்தக் குளிர் ரூம்ல எனக்கே கண்ணு சொக்கிச்சு. அரை மணி கழிச்சு சத்தம் நின்னதும் திடுக்குன்னு முழிச்சார்.

"இன்னாம்மா, கரண்ட் போயிடுச்சா? மோட்டார் நின்னு போச்சே!"

வேணி

வேணிக்கு வயசு இருபத்தாறு, மதகடிப்பட்டு. ஏழாம் மாசத்துல ஆரம்பிச்ச வலது இடுப்பு வலி, பிள்ளை பெத்தும் போகல. எக்ஸ்ரேயில தொடையெலும்போட பந்து மாதிரி தலை, ரப்பர் போட்டு அழிச்ச மாதிரி மங்கியிருந்துச்சு. கட்டியா இருக்கலாம்னு யாரோ சொல்லிட்டாங்க. "கட்டியா அக்கா?"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. ஆடாம படுக்கணும்னு மட்டும் சொல்லி அவளை மிஷின்ல படுக்க வெச்சேன்.

நீர் கோத்த இடம் வெள்ளையா தெரியுற படம் ஒண்ணு எடுப்போம். நல்ல எலும்பு அதுல இருட்டாத்தான் இருக்கும். இடது பக்கம் இருட்டு. வலது பக்கம் முழுக்க மார்கழிக் காலைப் பனி மாதிரி ஒரே வெண்மை. பயத்தை மறந்து பார்த்துக்கிட்டே நின்னேன், அவ்வளவு அழகு. ரேடியாலஜி மேடம் நிதானமா பார்த்தாங்க. கட்டின்னு தனியா எதுவும் இல்ல, எலும்போட ஓரம் அரிக்கல, பந்து நசுங்கல.

"கட்டி மாதிரி தெரியலம்மா. கர்ப்பத்துல சிலருக்கு எலும்பு இப்படி நீர் கோத்து பலவீனமாகும், தானா சரியாயிடும். நாலு மாசம் கழிச்சு மறுபடி பார்த்தாதான் உறுதி. அதுவரைக்கும் அந்தக் காலை ஊனாத, குழந்தையைத் தூக்காத"ன்னாங்க. வேணி அழுதுட்டா.

"தூக்காம எப்படி மேடம்? பசிச்சா என்கிட்டதான கை நீட்டுவான்?"

நாலு மாசம் கழிச்சு

ஊன்றுகோலோட வந்தா. பின்னாடியே அவ புருஷன், திருபுவனை கம்பெனிக்கு லீவு போட்டுட்டு, குழந்தையைத் தூக்கிக்கிட்டு. மூஞ்சியில எதையும் காட்டாம பட்டனை அழுத்தினேன். படம் மெல்ல மெல்ல வந்துச்சு. பனி கலைஞ்சிருந்துச்சு! ரெண்டு பக்கமும் ஒரே இருட்டு. இருட்டைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுறவங்க எங்களைத் தவிர யாரு இருக்கா, சொல்லுங்க?

"கட்டி கிட்டி ஒண்ணும் இல்ல, இனிமே தூக்கலாம்"னு மேடம் சொல்லி முடிக்கல, ஊன்றுகோலைச் சுவத்துல சாய்ச்சுட்டு, புருஷன் கையிலேர்ந்து பையனைப் பிடுங்கி அந்த வலது இடுப்புலயே வெச்சுக்கிட்டா. அவன் அவ தாலியைப் பிடிச்சு இழுத்தான்.

"அடப்பாவி, நான் தூக்காத நாலு மாசத்துல இன்னா கனம் கனக்குறடா!"

இத்தனையையும் ரிப்போர்ட்டுல மேடம் ஒரே வார்த்தையில எழுதிட்டாங்க: நார்மல்.