எதிர்த்துப் பேசுங்கோ

செய்தி லலிதாக்காவின் எண்ணிலிருந்தே வந்தது. அதனால்தான் அதைச் சிரித்துக்கொண்டே திறந்தேன்.

அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை. அவருக்குப் பிரியமான அணி ஆட்டம் முழுக்கப் பந்தைத் தன்னிடமே வைத்து உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் எதிரணி போட்ட ஒற்றை கோலில் தோற்றது. விடுவேனா? எங்கள் வாட்ஸப் குழுவில், "பந்தை அடைகாத்தது உங்க ஆளுங்க, குஞ்சு பொரிச்சது அடுத்த வீட்டுல" என்று எழுதிப் போட்டேன். வழக்கமாகச் சீறிக்கொண்டு வரும் பதில் அன்று வரவில்லை. மறுநாள் காலை தாராவியில் என் பை தைக்கும் பட்டறையின் ஷட்டரைத் தூக்கும்போது போன் அதிர்ந்தது. திரையில் அவர் பெயர். இதோ வந்துவிட்டது என்று நினைத்தேன். "லலிதா இன்னிக்குக் கார்த்தால போயிட்டா. கணேசன்" என்று இருந்தது. கணேசன் சார் அவருடைய கணவர். பாதி தூக்கிய ஷட்டரை அப்படியே விட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்தேன். அவரிடம் நான் கடைசியாகச் சொன்னது ஒரு நக்கல் என்பதுதான் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. அதைப் படித்தாரா, படித்து வருந்தினாரா என்று தெரியவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். மாட்டுங்காவில் கூடப் படித்தவர்கள் இருப்பீர்கள். துறைமுகப் பக்கத்துக் கப்பல் கம்பெனியில் அவருக்குக் கீழே வேலை பார்த்து, அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்த பார்வையில் நடுங்கியவர்கள் இருப்பீர்கள். செம்பூர்க் காலனியில் நவராத்திரிக்கு அவர் வீட்டுச் சுண்டல் வாங்கியவர்கள் இருப்பீர்கள். ஆனால் சனிக்கிழமை சாயங்கால லலிதாக்காவை எங்கள் மூன்று பேருக்குத்தான் முழுசாகத் தெரியும். அந்த லலிதாக்காவைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் பார்த்தது செம்பூர் மைதானத்தில். தமிழ்ப் பையன்களின் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். நான் கோட்டுக்கு வெளியே நின்று, "அடிலே, அடிலே" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல், "அடிக்கச் சொல்றேளே, யாருக்கு அடிக்கணும்னு சொன்னேளா?" என்றது. திரும்பினால் பருத்திப் புடவையில், கையில் காய்கறிப் பையோடு ஓர் அம்மா. மைதானத்தில் அந்த வயதுப் பெண் வேறு யாரும் இல்லை. "கோலுக்குத்தான் மாமி, வேற யாருக்கு?" என்றேன். "கோலுக்கும் பந்துக்கும் நடுவுல நாலு பேர் நிக்கறா. அது தெரியலையா?" என்றார். பந்து அந்த நாலு பேரில் ஒருவன் காலில்தான் போய் விழுந்தது. ஆட்டம் முடிந்தும் எங்கள் வாதம் முடியவில்லை. கிளம்பும்போது, "மாமின்னு கூப்பிடாதீங்கோ, அப்பளம் விக்க வந்தவ மாதிரி இருக்கு. சனிக்கிழமை எங்க சொசைட்டி ரூமுக்கு வாங்கோ, டிவி இருக்கு" என்றார். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா.

அவர்கள் குடியிருப்பின் பொது அறையான அந்தச் சொசைட்டி ரூமில் ஒரு டிவி, பத்துப் பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கேரம் போர்டு. மான்குர்த்திலிருந்து லிஃப்ட் மெக்கானிக் ஸ்டீபன் வருவான். கோபர்கைரனேயிலிருந்து பேங்க் பாலு வருவார். நான் பஸ் பிடித்துப் போய்ச் சேருவேன். கணேசன் சார் ஒரு பெரிய பிளாஸ்கில் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, மூலையில் செய்தித்தாளை விரித்துக்கொள்வார். ஆட்டத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

இடைவேளை வந்ததும் லலிதாக்கா கேரம் போர்டுக்கு நகர்வார். வெள்ளைக் காய்கள் அவர் அணி, கறுப்பு என் அணி, சிவப்புக் காய்தான் பந்து. வெள்ளையிலிருந்து வெள்ளைக்கு, அங்கிருந்து இன்னொரு வெள்ளைக்கு என்று விரல் நுனியால் சிவப்பை நகர்த்திக் காட்டுவார். "பந்து நம்ம கால்ல இருக்கறச்சே எதிராளி கோல் போட முடியுமோ? முடியாது. அவ்வளவுதான் விஷயம்" என்பார். "என்னக்கா இது, பின்னால தள்ளுதான், பக்கத்துல தள்ளுதான். கோலு முன்னாலல்லா இருக்கு?" என்று நான் குதிப்பேன். சிவப்பை ஒரே சுண்டாகச் சுண்டி மூலைப் பைக்குள் தள்ளுவேன். ஸ்டீபன், "அக்கா, இது மேட்ச்சா, மெகா சீரியலா? எப்ப பார்த்தாலும் தொடரும், தொடரும்னு!" என்று எனக்கு ஒத்து ஊதுவான். பாலு சமாதானப் பிரியர். ஒருநாள், ரெண்டு பேர் சொல்றதும் சரி என்று இழுத்தார். அக்கா அவரைத் திரும்பிப் பார்த்து, "ரெண்டும் சரின்னு சொல்றவன் மேட்சையே பார்க்கலேன்னு அர்த்தம்" என்றார். பாலு அதற்குப் பிறகு அந்தத் தவறைச் செய்யவில்லை.

இந்தப் பிடிவாதம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரு மழை நாளில் கேட்டேன். மாட்டுங்காவில் அவர்கள் வீடு இரண்டாவது மாடி. கீழே சந்தில் அண்ணன் தம்பிகள் விளையாடுவார்கள். பெண் குழந்தை இறங்கக் கூடாது. "பால்கனிக் கம்பியைப் பிடிச்சுண்டு பார்த்துண்டே வளர்ந்தேன். கீழே ஓடறவனுக்குப் பந்து மட்டும்தான் தெரியும். நேக்கு மேலேருந்து காலி இடமெல்லாம் தெரியும். அங்கே கொடுடா, அங்கே ஆளே இல்லைன்னு கத்துவேன். ஒருத்தனும் கேக்க மாட்டான்" என்றார். நான் என் கதையைச் சொன்னேன். தாராவியில் எங்களுக்குக் கிடைத்தது இரண்டு பட்டறைக்கு நடுவே ஒரு துண்டு நிலம், ஓரத்தில் திறந்த சாக்கடை. "அங்கன பந்தை வச்சுக்கிட்டு நின்னா ஒண்ணு காலு போவும், இல்லன்னா பந்து சாக்கடைக்குப் போவும். கிடைச்ச உடனே அடிச்சிரணும்க்கா." அவர், "அப்போ உங்களுக்கு இடம் இல்லை, நேக்கு ஆட்டமே இல்லை" என்றார். அதற்காக இருவரில் ஒருவரும் கட்சி மாறிவிடவில்லை. சண்டைக்கு ஒரு மரியாதை வந்தது, அவ்வளவுதான்.

பிறகு அவர் தொண்டையில் அந்த நோய் வந்தது. அறுவை சிகிச்சையில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து, கழுத்தில் ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு, கணேசன் சார் கையைப் பிடித்தபடி சொசைட்டி ரூமுக்கு வந்தார். நாங்கள் மூவரும் எழுந்து நின்றோம். அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை என்பதை முகம் சொல்லியது.

இடைவேளையில் அவர் கேரம் போர்டுக்குப் போய்க் காய்களை அடுக்கினார். சிவப்பை வெள்ளைக்கு நடுவே மெதுவாக நகர்த்திக் காட்டிவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தார். "கரெக்ட்டுக்கா" என்றான் ஸ்டீபன். "நீங்க சொன்னதுதான் எப்பவும் சரி" என்றார் பாலு. நானும் தலையை ஆட்டினேன். வாயில்லாதவரிடம் எப்படி மல்லுக்கு நிற்பது? அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எழுந்து போய் ரிமோட்டை எடுத்து, ஆட்டம் மறுபடி தொடங்கும் நேரத்தில் டிவியை அணைத்தார். பிறகு உட்கார்ந்து போனில் அடித்தார். எங்கள் மூன்று போன்களும் ஒன்றாக அதிர்ந்தன.

ஸ்டீபனுக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தடுமாறும் என்பதால் அவர் எப்போதும் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிப்பார். "என் தொண்டையைத்தான் எடுத்திருக்கா. மூளையை இல்லை. இங்கே நேக்கு அனுதாபம் வேண்டாம், ஆத்துல வேணுங்கற அளவு கிடைக்கறது. முருகேசன், எதிர்த்துப் பேசுங்கோ."

நான் எழுந்தேன். "அக்கா, இந்த இருபது பாஸ்ல என்னத்தைக் கண்டீங்க? எதிராளி வேர்க்கடலை தின்னுக்கிட்டே தடுக்கான்" என்றேன். சொல்லச் சொல்லப் பழைய சூடு ஏறிவிட்டது. கேரம் போர்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன், காய்கள் எகிறின. அவர் விரல்கள் போனில் பறந்தன. நான் கத்த, மூன்று போன்களும் அதிர, நான் படித்துவிட்டு மறுபடி கத்த, ஸ்டீபன் நடுவில் புகுந்து, "க்யா அக்கா, ஸ்பீடா அடிக்கிறீங்க, இதே ஸ்பீடு உங்க டீமுக்கு வேணாமா?" என்று கேட்க, அக்கா தோள் குலுங்கச் சிரித்தார். சத்தமே இல்லாத சிரிப்பு. மூலையில் கணேசன் சார் செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்துக்கொண்டார். தாள் நடுங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அக்காவே டிவியைப் போட்டார்.

ஒன்றரை வருடம் அப்படிப் போனது. பிறகு நோய் திரும்பி வந்தது. டாக்டர்கள் இன்னொரு கடுமையான வைத்தியம் இருக்கிறது என்றார்கள். அது உடம்பைப் படுத்தியெடுக்கும், மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டும், பலித்தாலும் பலிக்கும், பலிக்காமலும் போகும். அக்கா வேண்டாம் என்றார். எனக்குக் கோபம் தாங்கவில்லை. வீட்டுக்கே போனேன். "அடிச்சு ஆடுங்கக்கா. தோத்தாலும் அடிச்சுத் தோப்போம். சும்மா உக்காந்து நேரத்தைக் கடத்துத வேலை வேண்டாம்" என்றேன். கணேசன் சார் எதிரில் இருந்தார். நான் பேசியது அதிகப்பிரசங்கித்தனம் என்று அப்போதே தெரியும். ஆனால் அக்கா என்னிடம் கேட்டிருந்தது எதிர்த்துப் பேசத்தானே?

அக்கா நிதானமாக அடித்தார். இந்தத் தடவை குழுவில் இல்லை, எனக்கு மட்டும். "மிச்சம் இருக்கறது கொஞ்ச நேரம். அதை ஆஸ்பத்திரி கையில் குடுக்க மாட்டேன். பந்து என்கிட்டயே இருக்கட்டும்."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. சண்டை போட்டுவிட்டுத்தான் படியிறங்கினேன். அடுத்த சனிக்கிழமை ஒன்றும் நடக்காதது போல அவர் கேரம் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நானும் கறுப்பை அடுக்கினேன். முடிந்த வரைக்கும் வந்தார். கடைசிச் சில வாரங்கள்தான் வீட்டிலிருந்தே பார்த்தார். போன்கள் மட்டும் நிற்காமல் அதிர்ந்துகொண்டிருந்தன.

அவர் போய் இரண்டு வாரம் கழித்து அதே சொசைட்டி ரூமில் அஞ்சலிக் கூட்டம். டிவி மேல் அவர் படம், மல்லிகை மாலை. உறவினர்கள் பேசினார்கள், அலுவலகத்தார் பேசினார்கள். அமைதியானவர், பொறுமையின் வடிவம், யாரையும் எதிர்த்துப் பேசாதவர் என்றார்கள். எந்த லலிதாவைச் சொல்கிறார்கள் என்றே எனக்கு விளங்கவில்லை. பாலு எழுந்து, கால்பந்தில் கூட அக்கா சொன்னதுதான் சரி, நாங்கள்தான் புரிந்துகொள்ளவில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஸ்டீபனும் ஆமாம் என்று தலையசைத்தான். டிவி அணைக்கப்பட்ட அந்த நாள் எனக்கு நினைவு வந்தது.

என் முறை வந்தது. "லலிதாக்கா சொன்னது தப்பு" என்று ஆரம்பித்தேன். முன்வரிசையில் யாரோ, உஸ் என்றார்கள். "ஆட்டத்திலயும் தப்பு, வைத்தியத்திலயும் தப்பு. முன்னால போயிருக்கணும். போயிருந்தா இன்னும் கொஞ்ச நாள் எங்களோட சண்டை போட்டிருப்பாங்க. நான் அன்னைக்கும் ஒத்துக்கலை, இன்னைக்கும் ஒத்துக்கலை" என்றேன். அழுதுகொண்டே உட்கார்ந்தேன். தங்கள் நாற்காலியை என்னைவிட்டுத் தள்ளி நகர்த்திக்கொண்டவர்களும் உண்டு.

எல்லோரும் கலைந்த பிறகு கணேசன் சார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் செய்தித்தாள் இல்லை. "ஆட்டத்தைப் பத்தி நேக்கு ஒண்ணும் தெரியாது, முருகேசன்" என்றார். "ஆனா வைத்தியம் வேண்டாம்னப்புறம் இருந்த அந்த நாலு மாசம் அவ கார்த்தால எழுந்து காபி போட்டா. ரெண்டு பேரும் மாட்டுங்காவுக்குப் போய் அந்தப் பழைய பால்கனியைக் கீழேருந்து பார்த்துட்டு வந்தோம். ஒரு சனிக்கிழமையைக் கூட ஆஸ்பத்திரிக்குக் குடுக்கலை. பந்து அவகிட்டதான் இருந்தது." என்னால் அவரோடு வாதாட முடியுமா?

பிறகு நான் கேட்காமலே சொன்னார். "அன்னிக்குச் சாயங்காலம் நீங்க அந்தக் குஞ்சு பொரிச்ச கதையை எழுதினேளே, படிச்சா. தோள் குலுங்கச் சிரிச்சா. போனை எடுத்தா, கை ஓயறதுன்னு வெச்சுட்டா. நாளைக்குக் கவனிச்சுக்கறேன்னு இப்படி விரலை ஆட்டினா." சொல்லிவிட்டு, ஆட்காட்டி விரலை உயர்த்தி ஆட்டிக் காட்டினார். அது அப்படியே லலிதாக்காவின் விரல்.

அவருடைய கட்சி இன்று வரை எனக்கு உடன்பாடில்லை. கேரம் காய்கள் சொசைட்டிக்குச் சொந்தம், அங்கேயே இருக்கின்றன. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது எனக்கு வரவேண்டிய ஒரு பதில். சனிக்கிழமைகளில் ஆட்டம் முடிந்ததும் அவர் அணியைக் கிண்டலடித்துக் குழுவில் ஒரு வரி போட்டுவிட்டு, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.